ரப்பர் கொட்டையில் தாயின் கோலம்

ஆகஸ்டு மாதத்து உச்சி வெயிலில் ஒரு ரப்பர் மரத்தடியில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ‘பட்’டென்று ஒரு சத்தம், சற்றுத் தள்ளிச் சருகின்மேல் ஏதோ விழும். திகாம் பத்து, சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சத்தம்தான். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற வைத்தோமே, அதே கொட்டை.

ரப்பர் காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. பூத்து ஐந்தாறு மாதத்தில் முற்றும். வெயிலில் காயக் காய, கட்டையான அதன் ஓட்டின் அடுக்குகள் ஆளுக்கொரு பக்கமாகச் சுருங்கப் பார்க்கும். இழுப்புத் தாங்காமல் ஓடு வெடித்து விதையைப் பல மீட்டர் தூரம் வீசிவிடும். மழை நாளில் இந்தச் சத்தம் கேட்காததற்கும் இதுவே காரணம்.

விழுந்ததைக் குனிந்து எடுங்கள். வழவழப்பான தோலில் பழுப்பும் சாம்பலுமாகத் தீற்றல்கள். அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். விதைக்குள் இருக்கும் கருவில் தாய் மரத்துக்குப் பாதி, மகரந்தம் தந்த மரத்துக்குப் பாதி பங்கு உண்டு. ஆனால் மேல்தோல் முழுக்க முழுக்கத் தாய் மரத்தின் திசு. எனவே ஒரு மரத்துக் கொட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவம், ஒரே கோலம். கைதேர்ந்தவர்கள் கொட்டையைப் பார்த்தே தாய் மரம் எந்த ரகம் என்று சொல்லிவிடுவார்கள். ஒட்டுக்கட்டிய ஒரே ரக மரங்கள் நிற்கும் தோட்டமானால், தரையெல்லாம் ஒரே கோலம்தான்.

எத்தனை ஆயிரம் கொட்டைகளை மிதித்துக் கடந்திருப்போம்! இதைக் காணக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். அவசரம் இல்லாத கண் போதும். அதுதான் இன்று அரிதாகிவிட்டது. பள்ளி, டியூஷன், மறுபடி பள்ளி என்று பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிறோம். வாரத்தில் ஓர் அறிவியல் பாடத்தையாவது மரத்தடியில் நடத்தினால் என்ன? சோதனைக்கு வராதே என்பார்கள். உற்றுப் பார்த்து, பிரித்து வைத்து, ஏன் என்று கேட்பதைத் தவிர அறிவியல் வேறு எதைக் கேட்கிறது?

தள்ளிப் போடவும் முடியாது. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு ரப்பர் மரங்கள் குறைந்துகொண்டே போகின்றன. கொட்டையும் காத்திருக்காது, சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பச்சைக் கொட்டையை வாயில் வைக்க விடாதீர்கள். அதிலுள்ள லினமரின் என்ற பொருள் சயனைடு நஞ்சை வெளிவிடும். கொட்டைக் காலம் தவறிப்போனால் பிப்ரவரி, மார்ச்சில் போகலாம். இலைகள் சிவந்து உதிர்ந்தபின் செம்பு நிறத் தளிர்கள் தலைகீழாகத் தொங்கும். மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். அங்கே தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. எறும்பும் தேனீயும் பூவை விட்டு அங்கே ஏன் போகின்றன என்பது தெரியும்.