கன்று நட்டால் போதுமா?

வடகன்னட மாவட்டத்து அகநாசினி கழிமுகம் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கு அலையாத்திக் காடு வளர்க்க முனையும் பெங்களூர் வனத்துறைத் தலைமையகம், கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை அடுத்த பிச்சாவரத்தைக் கவனிப்பது நல்லது. வெள்ளையர் காலந்தொட்டு மொட்டையாக வெட்டியதில் அங்கே நிலம் குழிந்தது. கடல்நீர் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பேறியது. கன்று பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்துபோக வழிசெய்தபின்தான் காடு தழைத்தது. 2004 சுனாமியில் அதன் பின்னிருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவு.

வாய்க்காலை வண்டல் மூடினால் பழைய கதைதான். தூர்வாரும் கைகள் உள்ளூரில்தான் உண்டு. மத்திய அரசு 2023-ல் அறிவித்த ‘மிஷ்டி’ திட்டத்தில், நடவுக்குப் போலவே தூர்வாரவும் ஆண்டுதோறும் கிராமக் குழுவிடம் பணம் சேரவேண்டும். அகநாசினியில் இன்னொன்றும் உண்டு: சிப்பி எடுத்துப் பிழைப்போரைக் கேளாமல், அவர்களது சேற்றுத் திட்டில் கன்று ஊன்றக் கூடாது.