மெஸ்ஸியை வெளியேற்றியது யார்?

2021 ஆகஸ்ட் 5 அன்று, மெஸ்ஸி இனி இல்லை என்று பார்சிலோனா கிளப் அறிவித்தது. "காசுக்காகத்தான் பாரிஸ் போயிட்டார்" என்று நம்மில் சிலர் இன்னும் பேசுகிறோம். இது நியாயமா?

34 வயது மெஸ்ஸி, பாதிச் சம்பளத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போடச் சம்மதித்திருந்தார். தடுத்தது ஸ்பெயின் லீக்கின் சம்பள உச்சவரம்பு. வருமானத்துக்கு ஏற்ப வரம்பு போடுவார்கள். தாண்டினால் ஆட்டக்காரரைப் பதிவு செய்ய முடியாது. மெஸ்ஸி இருந்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம், இல்லாவிட்டாலே 95 சதவீதம் என்றார் கிளப் தலைவர் லபோர்த்தா.

நூறு ரூபாய் சம்பாதித்து நூற்றுப்பத்து ரூபாய் கூலி கொடுக்கிற பட்டறை எத்தனை நாள் ஓடும்? எனவே உச்சவரம்பு தப்பில்லை. மெஸ்ஸியின் பழைய சம்பளமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டது யார்? 2017-இல் நெய்மாரை விற்று வந்த 22.2 கோடி யூரோவை தெம்பெலே, கூட்டின்யோ என்று வாரி இறைத்தது யார்? நிர்வாகம்தானே! பிறகு கொரோனா வந்து வருமானமும் விழுந்தது.

அதே மாதம் மூத்த வீரர் பிக்கே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். புதியவர்களான டிபே, எரிக் கார்சியாவின் பதிவு நடந்தது. மூத்தவர் விட்டுக்கொடுத்தால் இளையவருக்கு இடம் கிடைக்கும், உண்மை. ஆனால் அதை முன்கூட்டியே பேசணும், கடைசி நேரத்தில் அல்ல.

மெஷினில் ஓவர்லோடு ஏற்றிவிட்டு, பழைய பேரிங்கைக் குறை சொல்லலாமா? நாளை நாமும் வேலைக்குப் போவோம். சீனியர் தொழிலாளியின் சம்பளத்தில் முதலில் கைவைக்கும் நிர்வாகத்திடம், "லோடு ஏற்றியது யார்?" என்று கேட்போம்!