1500 வாட் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கார், வான், ஓட்டோ வைத்திருக்கிறவர்களும் பிள்ளைகளை வானில் அனுப்புகிற பெற்றோரும் கடைசிவரை வாசியுங்கள்.

வாகனத்துக்குச் செற் பூட்டுகிற கடைகளில் பெட்டிக்கு மேல் அச்சடித்து விற்கிற வாட் கணக்கில் பெரும்பகுதி பொய். தரம் 11 பிள்ளை ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடக்கூடிய பொய். அந்தப் பொய்க்குத்தான் எங்கள் பிள்ளைகள் சீட்டுக் காசையும் தவணைக் காசையும் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது ஏறத்தாழ 14.4 வோல்ற். கதவில் இருக்கிற ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 4 ஓம். டாஷ்போர்டில் பூட்டுகிற அன்ட்ரொய்ட் பிளேயருக்குள் இருக்கிற சின்னச் சிப்புக்கு அந்த 14.4ஐ விட்டால் வேறு வோல்ற் கிடையாது. அதை வைத்து அது சுத்தமாகக் கொடுக்கக்கூடிய வலு, வோல்ற்றை வர்க்கித்து 8ஆல் பிரித்தால், 26 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சிப்பின் இழப்புப் போக ஸ்பீக்கருக்கு வந்து சேர்வது 18, கூடினால் 20. அப்படியென்றால் பெட்டியில் "50 வாட் x 4" என்று இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? அதே வர்க்கத்தை 8க்குப் பதிலாக 4ஆல் பிரித்துப் பாருங்கள். 51.8 வரும். அதாவது ஒலி அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகி, பாட்டு இரைச்சலாக மாறுகிற நிலையின் கணக்கு அது. கேட்க முடியாத நிலையில் வருகிற எண்ணைக் கேட்கிறவனுக்கு விற்கிறார்கள்.

தனியாகப் பூட்டுகிற அம்ப் வேறு. அதற்குள் வோல்ற்றை உயர்த்துகிற ஒரு பகுதி இருப்பதால் அதற்கு உண்மையாகவே கூடிய வலு உண்டு. ஆனால் எவ்வளவு? பெட்டியைப் பார்க்காதீர்கள். அம்ப்பின் பக்கவாட்டில் பியூஸ் சொருகியிருக்கும், அதைப் பாருங்கள். 30 அம்பியர் பியூஸ் என்றால் உள்ளே போகக்கூடியது 30 x 14.4, அதாவது 432 வாட். பழைய ஏ-பி வகை அம்ப் என்றால் அதில் பாதியளவு சூடாகவே போய்விடும். டி வகை என்றால் எண்பது வீதம் தேறலாம். எப்படிப் பார்த்தாலும் 350ஐத் தாண்டாத சாமானில் 1500 என்று எழுதியிருக்கிறது. உள்ளே போனதைவிட வெளியே கூட வருகிற இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசுதான் கொடுக்க வேண்டும், காசு அல்ல.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் ஸ்கூல் வான் ஓடுகிறான். பின் சீற்றுக்குக் கீழே பெரிய பேஸ் பெட்டி. "சேர், ஆயிரத்தைந்நூறு வாட். அடிச்சா றோட்டே அதிரும்." பியூஸைக் கழற்றிப் பார்த்தால் 25. இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி. நான் அவனை ஏசவில்லை. அவனுக்கு வலுச் சமன்பாடு தெரியும், பரீட்சையில் எழுதிச் சித்தியும் அடைந்தவன். கடைக்குள் போகும்போது அந்தச் சமன்பாட்டை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போகச் சொல்லி யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

இதிலே இளம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்கிற பெரிய மனிதர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷமும் பழைய வண்டியின் விலையே வானத்துக்குப் போனது. புது வண்டி கனவு என்றான பிறகு இருக்கிற வண்டியைத்தான் ஒருவன் அழகு பார்ப்பான். இன்னொன்று, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டிகளின் ரேடியோ அந்த நாட்டு அலைவரிசைக்குச் செய்தது. 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸோடு நின்றுவிடும். எங்கள் எஃப்.எம். நிலையங்கள் 88இலிருந்து 108 வரை. ஆகவே வண்டி வாங்கியவன் ஒழுங்காக நியூஸ் கேட்பதற்கே கடைக்குப் போகத்தான் வேண்டும். ஆடம்பரத்துக்குப் போகவில்லை. போன இடத்தில்தான் ஆசை காட்டி மாட்டுகிறார்கள்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் 90களின் கதை அடிக்கடி வரும். 1990 ஒக்டோபருக்குப் பிறகு எங்கள் சனம் புத்தளத்தில் கிடந்தது, ஆகையால் நான் அதைக் கேட்டவன்தான், கண்டவன் அல்லன். மின்சாரம் இல்லை. ரோச் பற்றறிக்குக்கூடத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறார்கள். ஒஸ்ரினையும் மொரிஸ் மைனரையும் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஒவ்வொரு வாட்டும் எங்கிருந்து வருகிறது என்று தொடையால் அறிந்த ஊர். அந்த ஊரின் பேரப்பிள்ளைகளிடம் 25 அம்பியர் பியூஸில் 1500 வாட் என்று சொல்லி விற்க முடிகிறது.

2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீலங்கா என்று சொல்லிக்கொண்டு பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கினார்கள். பஸ் சங்கங்கள் எதிர்த்தன. நான் இரண்டு பக்கமும் இல்லை. லைற்றும் சிலையும் ஹோர்னும் செற்றும் எல்லாம் ஒரே குற்றம் என்று அள்ளிக் கழற்றுவது சட்டம் அல்ல, துப்புரவுப் பணி. சத்தம்தான் பிரச்சினை என்றால் அளக்கிற கருவியைக் கொண்டுவந்து அளக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஒன்று இருக்கிறது. ஏமாற்றுகிற விளம்பரத்தோடு பொருள் விற்பது அந்தச் சட்டப்படி குற்றம். அரிசிக் கடைக்கும் தண்ணீர்ப் போத்தல் விற்கிற கடைக்கும் போகிற உத்தியோகத்தர்கள் ஒரு நாளாவது செற் கடைக்குள் போய் "இந்த 1500ஐ நிரூபியுங்கள்" என்று கேட்டதை நான் காணவில்லை. ஓட்டோக்காரனைக் கழற்றச் சொல்வது லேசு. விற்றவனைக் கேட்பதுதான் கஷ்டம்.

(ஊரில் சத்தத்தைப் பற்றிப் பேசும்போது "பள்ளி ஸ்பீக்கர்? கோயில் ஸ்பீக்கர்?" என்று கமெண்டில் வருவார்கள். வரட்டும். 2007இல் உயர் நீதிமன்றம் வெலிகமப் பள்ளிவாசல் வழக்கில், இரவு 10 தொடக்கம் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்று எல்லோருக்கும் பொதுவாகவே வைத்தது. நாம் எல்லோரும் அதை எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்பதைத் தனிப் பதிவில் சண்டை பிடிப்போம்.)

இப்போது காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தைப் பெரியவர் ஒருவர் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 83க்கு 20 மணித்தியாலம், 86க்கு 10, 89க்கு 5. ஸ்கூல் வானில் ஒரு பிள்ளை போக 40 நிமிடம், வர 40 நிமிடம் இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து நாளில் 6 மணி 40 நிமிடம். வானுக்குள் 89 டெசிபல் என்றால் வியாழக்கிழமை பள்ளி விட்டு வான் வீட்டுக்கு வந்து சேருமுன்பே ஒரு பெரிய மனிதரின் ஒரு கிழமைப் பங்கு முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கான அளவு இதைவிடக் குறைவு. பின் சீற்றில் ஏறுகிறவை சின்னப் பிள்ளைகள். ஸ்பீக்கர் இருப்பதும் அங்கேதான், அவர்களின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில். இரண்டாம் பாடத்திலும் "சேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்கிற பிள்ளையைக் கவனமில்லாதது என்று நாம் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். காதின் உள்ளே இருக்கிற மயிர்க்கலங்கள் செத்தால் மறுபடி முளைக்காது. இது மருந்தில் மாறுகிற வருத்தம் அல்ல.

இசை கூடுமா கூடாதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, அதற்கு மௌலவிமார் இருக்கிறார்கள். கிராஅத் கேட்கிறவருக்கும் பயான் கேட்கிறவருக்கும், சிவபுராணம் கேட்கிறவருக்கும், இளையராஜா கேட்கிறவருக்கும் இதே பௌதிகம்தான். மனிதக் குரலைத் தெளிவாக்குவது நடுத்தர அதிர்வெண்கள். டெலிபோன் 300இலிருந்து 3400 ஹேர்ட்ஸுக்குள் அத்தனை பேச்சையும் அடக்கிவிட்டது. பின்னால் கிடக்கிற பேஸ் பெட்டி வேலை செய்வது 100க்குக் கீழே. அதாவது நீங்கள் கேட்க விரும்புகிற குரலுக்கு அந்தப் பெட்டியால் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை.

அப்படியானால் காசு குறைந்தவன் என்ன செய்ய வேண்டும்? கையில் 50,000 ரூபாய் இருக்கிறது என்று வைப்போம். பாதிக்கு மேல் முன் கதவு ஸ்பீக்கர் ஒரு சோடிக்குப் போகட்டும். பின்னால் ஒன்றும் வேண்டாம், இருக்கிறதே போதும். ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைக் கேட்காமல் சென்சிற்றிவிற்றி எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 87 உள்ளதைவிட 90 உள்ளது அதே அம்ப்பில் 3 டெசிபல் கூடக் கொடுக்கும். அம்ப்பின் வலுவை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம், அதுவும் இலவசமாக. பிளேயரின் 18 வாட்டே ஒரு சின்னக் காருக்குக் காணும்.

மீதியில் பெரிய பங்கைக் கதவுக்குச் செலவழியுங்கள். இதை எந்தக் கடையும் தானாகச் சொல்லாது, ஏனென்றால் இதில் பெட்டி விற்க முடியாது. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. கதவின் உட்தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகளால் பின்பக்க அலை முன்னுக்கு வந்து கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் சாவது பேஸ்தான். "பேஸ் இல்லை" என்று சொல்லி அம்ப் வாங்குகிறவனின் பேஸ் கதவுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது. ஓட்டைகளைப் பியூட்டைல் ஷீற்றால் மூடுங்கள். கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற அலுமினியம் முதுகுள்ள பியூட்டைல் ரேப்பும் வேலை செய்யும். தார் ஷீற்றைத் தொடாதீர்கள், எங்கள் சித்திரை வெயிலுக்கு உருகி வழிந்து வண்டியே தார் பீப்பா மாதிரி மணக்கும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற சின்னத் துவாரங்களை மட்டும் மூடாதீர்கள். உப்புக் காற்றடிக்கிற ஊரில் கதவுக்குள் தண்ணீர் நின்றால் இரண்டு மாரியில் அடித்தகடு போய்விடும். பல டொயோட்டாக்களில் கொம்பனி ஸ்பீக்கரை றிவிற் அடித்து வைத்திருப்பார்கள். அதைத் துளைத்துக் கழற்றி, தடித்த பிளைவுட்டில் வளையம் வெட்டி, வார்னிஷ் பூசி, இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கள். வளையம் ஆடினால் எல்லாம் வீண்.

அம்ப் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்களுக்கு வயரைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பு என்று விற்கிற வயரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் செம்பைவிடக் குறைவாகவே மின்னைத் தாங்கும், சூடேறும். பற்றறியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும், அம்ப்பில் இருக்கிற பியூஸ் அம்ப்பைத்தான் காக்கும், வயரைக் காக்காது. ஹைபிரிட் வண்டிகளில் செம்மஞ்சள் நிற வயர் எதையும் எவரும் தொடக்கூடாது, அது உயிரை எடுக்கிற வோல்ற். பிரியஸ், அக்குவாவில் பின்னால் இருக்கிற 12 வோல்ற் பற்றறி சின்னது. வண்டி நிற்கும்போது பெரிய அம்ப் அடித்தால் மறுநாள் காலை வண்டி ரெடிக்கே வராது.

பேஸ் பெட்டியே வேண்டாமா என்றால், மேலே சொன்னதெல்லாம் செய்து ஒரு மாதம் கேட்ட பிறகு யோசியுங்கள். அப்போதும் வேண்டுமென்றால் மூடிய பெட்டியில் 8 அல்லது 10 அங்குலம் ஒன்று, உண்மையான 100 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். கடையில் ஆர்.எம்.எஸ். என்று கேட்டவுடன் முதலாளி முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போங்கள். பெட்டியில் அந்த மூன்று எழுத்தும் இல்லாத சாமானுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வான் ஓடுகிற தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் பிளேயரில் சவுண்ட் செற்றிங்கைத் திறவுங்கள். ஃபேடர் என்று ஒன்று இருக்கும், சிலதில் ஒரு காரின் படம் போட்டு நடுவில் புள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளியை முன்னுக்கு இழுத்து விடுங்கள். சப்வூஃபர் என்று தனியாக இருந்தால் அதைச் சைபருக்குக் கொண்டுபோங்கள். பிறகு கடைசி சீற்றில் போய் இருந்து, பக்கத்தில் ஒருவரை இருத்தி, சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். அவர் சொல்வது விளங்குகிற அளவில் சத்தத்தை வைத்துவிட்டு முதல் பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள்.