வதக்கற் சட்டியும் நம் எழுத்தும்

இலக்கியப் பகுதியிற் சமையலைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்துறையில் எனக்கு முன்னோடிகள் சங்கப் புலவர்கள். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வறியவன் ஒருவனின் வீடு வருகிறது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி வருகிறாள். உப்புக்கும் வழியின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்ணிற் படுமே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அமர்ந்து உண்கிறாள். பசியைப் பாடியவர் பலர். அந்தக் கதவைக் கண்டவர் நத்தத்தனார் ஒருவரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே கதவை நான் கலவானவிற் கண்டேன்.

கலவான இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்குப் பக்கத்தில், சிங்கராஜ வனத்தின் அயலில் உள்ளது. நுவரெலியாவைப் போன்ற குளிர்மலை அன்று. தாழ்நாட்டுத் தேயிலையும் இறப்பரும் அருகருகே நிற்கும் ஈர நிலம். கோவாவும் போஞ்சியும் செழிக்கும் உயரம் அதற்கில்லை. ஆனால் பயற்றங்காயும் சிறகவரையும் வல்லாரையும் சிறிது இடங்கொடுத்தாற் போதும், வேலியைப் பற்றிக்கொண்டு வளரும். அப்பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றிற் சில ஆண்டுகள் கற்பித்தேன்.

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் சோற்றுப் பாத்திரங்களைத் திறப்பர். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் மூடியைக் கழற்றி, அதனைப் பாத்திரத்துக்கு முன்னே மதில்போல் நிறுத்திவைத்து, குனிந்த தலை நிமிராமல் உண்பாள். பக்கத்துப் பிள்ளையிடம் கடையில் வாங்கிய பணிஸ் இருக்கும். வேறொருவனிடம் நூடில்ஸ் இருக்கும். ஒருநாள் அவளருகே நின்று, “என்ன கறி பிள்ளை?” என்றேன்.

“ஒன்னுமில்ல சேர். வெறும் பயத்தங்கா.”

பயற்றங்காய் எப்படி ‘வெறும்’ ஆயிற்று? இறைச்சியை எவரும் வெறும் இறைச்சி என்பதில்லை. கடைப் பணிஸையும் வெறும் பணிஸ் என்பதில்லை. சொந்த வேலியிற் பறித்துச் சொந்தத் தாய் சமைத்தது மட்டும் வெறுமையாகிவிட்டது. அன்று அவள் பாத்திரத்திலிருந்து இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். மறு வாரமே அவ்வீட்டுக்குச் சென்று, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தேன். அப்படியொரு கறியை நான் பெரிய விருந்துகளிலும் உண்டதில்லை என்பதைச் சற்றும் மிகைப்படுத்தாமற் கூறுகிறேன்.

கொழுந்து நிறுத்துவிட்டு அந்தத் தாய் காம்பராவுக்குத் திரும்பும்போது மணி ஐந்தாகிறது. விளக்கேற்றுமுன் சோறும் ஒரு கறியும் ஆகவேண்டும். பயற்றங்காயை அவர் காலையிலேயே கழுவிச் சுளகிற் பரப்பி வைத்திருந்தார். ஈரம் முழுதும் போயிருந்தது. கத்தியைத் தொடவில்லை, விரற்கணு நீளத்துக்குக் கையால் ஒடித்தார். அடுப்பில் எரிந்தது மிலாறு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த கிளைகளைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வர். குப்பென்று பற்றி விரைவில் அடங்கும் விறகு அது. நீண்ட நேரம் கொதிக்கவேண்டிய குழம்புக்கு ஆகாது. இதற்கோ அதைவிட நல்ல விறகு கிடையாது.

இரும்புச் சட்டி புகையும் அளவுக்குக் காய்ந்ததும், எண்ணெய் ஒரு துளியுமின்றிக் காயை அதில் இட்டார். இட்டபின் கிளறவில்லை. என் கைதான் கிளறத் துடித்தது. “சும்மா விடுங்க சேர், அது பாட்டுக்கு வதங்கும்” என்றார். தோலில் அங்கங்கே கொப்புளம் எழுந்து கரும்புள்ளி விழுந்தபின் ஒருமுறை புரட்டினார். பின்னர் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், நறுக்கிய சின்ன வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயம் நிறம் மாறியதும் உப்பு. அதன்பின் ஒரு பிடி தேங்காய்ப்பூ. இறக்கிவைத்த பிறகே தேசிக்காய்ப் புளி. அடுப்பில் ஏற்றியது முதல் இறக்கும் வரை பத்து நிமிடத்துக்கு மேற் செல்லவில்லை. மூடி போடவே இல்லை.

இதில் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் உண்டு. ஈரம் இருக்கும் வரை சட்டியின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், காய் நூறு பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டாது, அவியுமேயன்றி வதங்காது. உப்பை முதலில் இட்டால் அது காயின் நீரை வெளியே இழுத்துவிடும். பச்சை நிறத்தைத் தருவது பச்சையம். அதன் நடுவே உள்ள மக்னீசியத்தை அமிலமும் வெப்பமும் சேர்ந்து வெளியேற்றிவிட்டால் காய் பழுப்பேறும். புளியைக் கடைசியில் விடுவதும், காயிலிருந்து எழும் அமில ஆவி போகட்டும் என்று மூடியின்றி வதக்குவதும் அதனாலேதான். நீரில் வேகவைத்து நீரைக் கொட்டினால் உயிர்ச்சத்து ‘சி’யும் அதோடு போகும், இங்கே கொட்டுவதற்கு நீரே இல்லை. தேங்காயின் கொழுப்போ, காயிலுள்ள கரோட்டினை உடல் ஏற்க உதவுகிறது. விஞ்ஞான ஆசிரியர் இவற்றைக் கரும்பலகையில் எழுதுகிறார். அந்தத் தாய் மிலாற்று நெருப்பில் செய்துகாட்டுகிறார். இரண்டும் ஒரே பாடம் என்பதை வகுப்பில் எவரும் சொல்வதில்லை; நானும் அதுவரை சொன்னதில்லை.

சீனத்தின் சிச்சுவான் பகுதியிற் போஞ்சியை இதே முறையில் தோல் சுருங்க வதக்குகிறார்கள். அது உலகெங்கும் உணவகங்களிற் பேர்பெற்ற பண்டம். ஐரோப்பிய வீடுகளிலோ பச்சைக் காய்களை எண்ணெய் தடவித் தட்டிற் பரப்பி, சூடேறிய அடுப்புப் பெட்டிக்குள் வைத்து வாட்டுவர். அங்கும் விதி இதுவே: ஈரம் ஆகாது, நெருக்கம் ஆகாது, சூடு குறையலாகாது. அவர்கள் எவரும் அதனை வெறும் போஞ்சி என்று சொல்லக் காணோம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தார் இதனை வறை என்பர். வறு என்ற அடியிற் பிறந்த அழகிய சொல். தமிழ்நாட்டார் பொரியல் என்பர். அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் எண்ணெயிற் பிரட்டியதைத் தெல் தாலா என்றும், தேங்காய்ப்பூவோடு சுண்டியதை மல்லும் என்றும் வேறுபடுத்துவர். அந்தத் தோட்டத்தில் நான் கேட்டது வதக்கல் என்பதே. இத்தனை சொற்களுக்கிடையே நுண்ணிய செய்முறை வேறுபாடுகள் உள்ளன. அகராதி தொகுப்போர் எல்லாவற்றையும் ‘ஒருவகைக் கறி’ என்று எழுதி முடித்துவிடுகின்றனர். நிற்க.

நம் எழுத்தாளரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மலையகத்தைப் பற்றிய கதைகளில் உணவு வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ரொட்டி வரும், சம்பல் வரும், சாயத்தண்ணீர் வரும். பெரும்பாலும் அவை பசிக்கும் துயருக்கும் சின்னங்களாகவே வரும். சமைப்பவள் கண்ணீர் வடிப்பாள். அவள் கைத்திறன் கதையில் வராது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார். அதனால் அம்மக்கள் பாடத் தெரிந்தவர்கள் என்பதை நாடு அறிந்தது. அவர்கள் சமைக்கத் தெரிந்தவர்கள் என்பதை யார் எழுதிவைத்தோம்?

பசி பொய்யா என்று கேட்பர். பொய்யன்று. 1973–74இல் உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்கள் பட்ட பாட்டை முதியோர் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்கின்றனர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டங்களிலோ 31.7. ஒரு சட்டிப் பயற்றங்காய் இதனை மாற்றிவிடும் என்று சொல்வேனாயின் அது பேதைமை. கூலியும் நிலமும் மாறவேண்டும். ஆனால் இல்லாமையை எழுதிய நாம், இருப்பதையும் இல்லை என்றே எழுதிவிட்டோம். அதனைப் படித்து வளர்ந்தவர்கள்தாம் இன்று வகுப்புகளில் ஆசிரியராய் நிற்கிறோம். அந்தச் சிறுமி மூடியை நிறுத்திவைக்கப் பழகியதில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நிலம் என்றேனே, அதையும் சொல்லவேண்டும். அவ்வீட்டுப் பயற்றங்கொடி படர்ந்திருந்தது லயத்தின் பின்புறம், பீலிக்குப் போகும் வழியோரத்து நான்கு முழ இடத்தில். அது அவர்களுடைய நிலம் அன்று, தோட்டத்தின் நிலம். இன்று கொடி, நாளை எடுக்கச் சொன்னால் எடுக்கவேண்டியதுதான். 2022இன் நெருக்கடியில் அரசு வீட்டுத்தோட்டம் செய்க என்றது. பயிரிடுவதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுத்தது. நானும் அவ்விடுமுறையில் நான்கு கத்தரிக் கன்று நட்டவன்தான். தலைமுறை தலைமுறையாக இந்நாட்டின் மண்ணைக் கொத்தியவர்களுக்கோ, கொத்துவதற்குச் சொந்தமாய் ஒரு சாண் மண் இல்லை. வீட்டுத் திட்டங்களில் ஒதுக்கப்படும் நிலத்திலாவது வீட்டுச் சுவர் போக ஒரு பந்தலுக்கு இடம் விடவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதைக் கேட்கவேண்டியவர்கள் இலக்கியப் பகுதியைப் படிப்பார்களோ என்னவோ!

ஆசிரிய நண்பர்கள் படிப்பார்கள். அவர்களிடம் கேட்பது எளிது. கட்டுரை வகுப்பில் ‘நான் ஒரு பறவையானால்’ என்பதை ஒரு தவணைக்கு நிறுத்திவைத்துவிட்டு, ‘எங்கள் வீட்டில் ஒரு கறி ஆகும் முறை’ என்று கொடுத்துப் பாருங்கள். அளவும் வரிசையும் தவறாமல், ஏன் அப்படி என்று தாயிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். செயலை ஒழுங்குபட எழுதுவதைவிடக் கடினமான உரைநடைப் பயிற்சி இல்லை.

நான் கொடுத்துப் பார்த்தேன். முதல் முறை பாதிப் பேர் தம் வீட்டில் ஒருநாளும் ஆகாத கோழிப் பிரியாணியை எழுதிவந்தனர். அதுவும் ஒரு செய்திதான். குறிப்பேடுகளைத் திருப்பிக் கொடுத்து, நேற்றிரவு தின்றதை எழுதுங்கள் என்றேன். இரண்டாம் முறை வல்லாரைச் சம்பல் வந்தது, பலாக்கொட்டை வந்தது, வற்றாளை இலைச் சுண்டல் வந்தது. அச்சிறுமி வதக்கலை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்து முடிக்குமுன் பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “எங்கம்மா வெங்காயத்த மொதல்ல போடுவாங்க சேர், அதுதான் சரி” என்றான். “மொதல்ல போட்டா கருகிப்போகும்” என்று இவள் திருப்பினாள். அவ்வழக்கு நான் மாற்றலாகிப் போகும்வரை தீரவில்லை.