ஒன்றும் நடக்காத பத்து மணி நேரம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளைப் பற்றி, அங்கே நைட் ஷிப்ட் பார்ப்பவர்களைப் பற்றி எழுத நம்மிடம் ஆள் இருக்கிறது. நல்லது. கொஞ்சம் வடமேற்கே தள்ளி, அரக்கோணத்தில், நான்கு கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுபாதையோடு கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி 1992 முதல் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்குக் காவல் பறந்தவர் தமிழில் எழுதிய நினைவுக்குறிப்பு ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

1988இல் சோவியத்திலிருந்து வந்த டியு-142 விமானங்கள் மொத்தம் எட்டு. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பல்லர். கோவாவில் தொடங்கி, அரக்கோணம் வந்து, 2017 மார்ச் 29இல் ஓய்வு பெற்றன. ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தியாயிற்று. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை எங்கே நிறுத்தியிருக்கிறோம்?

“ராணுவ ரகசியம் சார்” என்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாக்கு. சோனோபாய் என்ற மிதவையைக் கடலில் போட்டு, நீர்மூழ்கியின் சத்தம் வருகிறதா என்று மேலே இருந்தபடி கேட்பது அவர்கள் வேலை. எந்த அலைவரிசையில் கேட்டீர்கள் என்று யார் கேட்டது? பத்து மணி நேரம் அந்த இரைச்சலுக்குள் இருந்துவிட்டு இறங்கினால் வீட்டில் பிள்ளை பேசுவது காதில் விழுமா? அதைச் சொல்லலாமே.

உண்மையான தடை நம் ரசனை. போர் என்றால் நமக்கு ரத்தம் வேண்டும். காத்திருப்பது அனுபவமாகவே படுவதில்லை. 2016 ஜூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக்கடலில் காணாமல் போனது. ராஜாளியின் பி-8ஐ விமானங்களும் தேடின. சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது, சுமார் 3,400 மீட்டர் ஆழம். அன்று ஜன்னல் வழியே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்? வெறும் தண்ணீர். அறிக்கையில் அது “எதுவும் தென்படவில்லை” என்ற ஒரு வரி. அவருக்கு அப்படி ஒரு வரியில் முடிந்திருக்குமா?

பெரிய அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள். பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று, ஏதோ ஒரு ஆலை வாசலில் செக்யூரிட்டியாக நம் ஐடி கார்டைச் சரிபார்க்கும் அண்ணனுக்கு அந்த வசதி இல்லை. அவர் எழுதமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். சோழர் கப்பற்படை பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோமே, நம் காலத்துக் கடற்படை ஆள் ஒருவரிடம் ஒரு டீ குடிக்கும் நேரமாவது பேசிப் பதிவுசெய்வோம்.