வேகத்தைப் பாதியாக்கினா யாருக்கு நஷ்டம்?



2019ல செகிரோ வெளியானபோது, "ஈஸி மோட் வெச்சா கேமோட மதிப்பே போச்சு" என்று ஒரு கூச்சல். இன்னும் ஓயவில்லை.

ஷார்ஜாவில் சைட் விபத்தில் எங்க அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் போச்சு. தங்கச்சியோட செலஸ்ட் விளையாட ஆசைப்பட்டார். 2018ல வந்த அந்த கேமில் அசிஸ்ட் மோட் உண்டு. வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம். குறைத்தோம். விளையாடினார். யாருடைய வெற்றி குறைஞ்சுது?

அமீரகம் 2017ல மாற்றுத்திறனாளிகளுக்கு 'மனவுறுதி கொண்டவர்கள்' என்று பெயர் வைத்தது. உறுதி அப்பாகிட்ட எப்பவும் இருந்தது. இல்லாதது செட்டிங்.

"கஷ்டப்பட்டாத்தான் மதிப்பு": வெயிலில் நிற்கும் தொழிலாளிக்கு முதலாளி சொல்வதும் இதேதான். அதை நாமும் சொல்லணுமா? அடுத்த கேம் நைட்டில் முதலில் செட்டிங்ஸைத் திறங்க.