விதைக் கட்டியும் விதிப் புரட்டும்

குழந்தையில்லாத வீட்டில் முதல் குற்றவாளி யார்? பெண்தான்! அவளை மலடியென்று தூற்றி, கோயில் கோயிலாய்ச் சுற்றவைத்து, ஜோசியனுக்கும் தக்ஷணை அழுத பிறகுதான், புருஷனையும் சோதிக்கலாமென்ற எண்ணம் நம்மவர்களுக்கு உண்டாகிறது. சோதித்து, அவன் விதைகளில் கட்டியிருப்பது தெரிந்தாலோ, “பூர்வஜன்ம பாவம்” என்று வைதிகர் கைவிரிக்கிறார். “புற்றாயிருக்கும், எடுத்துவிடு” என்று அவசரக்காரர் கத்தியைத் தூக்குகிறார். இருவரும் காரணத்தை விசாரிப்பதில்லை.

விதையில் தோன்றும் கட்டிகளில் ஒரு வகையின் காரணத்தைக் கேளுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் என்ஸைம் குறைவு. அதனால் கார்ட்டிசால் போதுமான அளவு ஊறுவதில்லை. உடனே மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, “இன்னும் சுர, இன்னும் சுர” என்று ஏ.ஸி.டி.எச். என்னும் ஹார்மோனை ஓயாமல் அனுப்புகிறது. அதற்கு விதை ஏன் செவிசாய்க்க வேண்டும்? கருவில் அட்ரீனலும் விதையும் ஒரே இடத்தில் தோன்றிப் பிரிந்தவை. பிரியும்போது ஒட்டிக்கொண்ட அட்ரீனல் அணுக்கள் விதையோடு இறங்கின என்பது ஒரு கொள்கை. இருவிதமாயும் வளரத்தக்க ஆதி அணுக்கள் விதையிலேயே உண்டென்பது மற்றொன்று. பிறவாத எலிக்குஞ்சின் விதை இந்த ஹார்மோனுக்கு இணங்கி டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதும், வளர்ந்த எலியின் விதை இணங்காததும் 2003-ல் வெளியான ஆராய்ச்சியில் காட்டப்பட்டன. எக்கொள்கை வென்றாலும், கட்டியை வளர்ப்பதில் முக்கிய பங்கு இந்த ஹார்மோனுக்கே.

இக்கட்டி புற்றல்ல. பெரும்பாலும் இரு விதைகளிலும் வரும். விந்து வெளியேறும் வழியை நெருக்கி மலட்டுத்தன்மையை உண்டாக்கும். லேடிக் அணுக்கட்டியென்று தவறாய் எண்ணி, விதையையே அறுத்தெறிந்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆனால், 1950-ல் அமெரிக்க டாக்டர் லாசன் வில்கின்ஸ், அட்ரீனல் கோளாறைக் கார்ட்டிசோன் கொடுத்து அடக்கலாமென்று காட்டிவிட்டார். தக்க காலத்தில் கார்ட்டிசோன் வகை மருந்து கொடுத்தால் பலருக்குக் கட்டியும் சுருங்குகிறது. நாள் கடந்து இறுகிப்போனால் சுருங்காது.

வைதிகரை ஒன்று கேட்கின்றோம்: இது பூர்வஜன்ம பாவமானால், அந்தப் பாவம் மாத்திரைக்கு அடங்குவானேன்? தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தாலொழிய இந்த அட்ரீனல் நோய் வராது. புருஷன் பிறக்கும்போதே வந்த நோய்க்கு, பின்னால் வந்த மனைவி எப்படிப் பொறுப்பாளி?

ஆகவே, விதையில் கட்டியென்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இரு விதையிலும் கட்டியிருந்தால், கத்திக்கு முன் ரத்தத்தைச் சோதித்து 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்கும்படி கேளுங்கள். அட்ரீனல் நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர், விதைகளை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நேர்த்திக்கடனை நிறுத்தினால் உண்டியலுக்கு மட்டுமே நஷ்டம்!